கல்லட்டி ஏற்றத்தில் சைக்கிள்: அன்றும் இன்றும்

தெப்பக்காட்டிலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழிகள் உண்டு. கூடலூரைச் சுற்றிக்கொண்டு போனால் 67 கிலோமீட்டர். மசினகுடி, கல்லட்டி வழியாகப் போனால் 36. ஏறக்குறையப் பாதித் தூரம் மிச்சம். ஆனால் மசினகுடி இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். ஊட்டி 2,240 மீட்டரில். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியைப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள், 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடித்துவிடுகிறது கல்லட்டிப் பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் சாலை நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர் என்று நிதானமாக உயரும். கல்லட்டியில் சராசரியே எட்டு, ஒன்பது. சில வளைவுகளின் உள்மூலையில் அது இரட்டிப்பாகிவிடும். பஸ்கூட முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற இடங்கள் அவை.

இந்தப் பாதையில் சைக்கிள் மேலே போன கதை இரண்டு காலங்களாகப் பிரிகிறது. தள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று. மிதித்துக்கொண்டு போகிற காலம் இன்னொன்று.

தள்ளிக்கொண்டு போன காலத்து சைக்கிளை இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். 28 அங்குலச் சக்கரம், கறுப்பு பெயிண்ட், கம்பி பிரேக், பின்னால் இரும்பு கேரியர், பக்கவாட்டில் டைனமோ. எடை இருபது கிலோவுக்கு மேல். முன்பக்கப் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் ப்ரீவீலில் 18 பல் என்பது பரவலாக இருந்த கணக்கு. இந்தக் கணக்கில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.9 மீட்டர் முன்னால் போகும். தஞ்சாவூரிலோ மதுரையிலோ இது அருமையான கணக்கு. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். எதிர்காற்று இல்லாவிட்டால் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம். அதே வண்டியைப் பதினைந்து சதவீத ஏற்றத்தில் நிறுத்துங்கள். ஒரு சுற்றுக்குள் ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் உயர்ந்தாக வேண்டும். வீட்டு மாடிப்படியில் ஐந்து படியை ஒரே எட்டில் தாண்டுவதற்குச் சமம் அது. யாராலும் தொடர்ந்து முடியாது. அதனால் இறங்கித் தள்ளினார்கள்.

அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. மசினகுடியில் பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் இதைத்தான் முதலில் சொன்னார். சைக்கிள் என்பது கீழே ஓட, மேலே தள்ள. மாவனல்லா, மாயார் என்று அடிவாரத்துச் சமதளத்தில் ஓடுவதற்கு அது போதும். சிங்காராவில் 1932இல் பைக்காரா மின் நிலையம் வந்தது, பின்னர் 1952இல் மாயார் மின் நிலையம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், மளிகை வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஊருக்குள்ளே சைக்கிள்தான் துணை. ஊட்டிக்குப் போக பஸ். சைக்கிளும் கூட வரவேண்டும் என்றால் பஸ்ஸின் பின் ஏணியில் ஏற்றி மேலே கட்டிவிடுவார்கள். பஸ் கிடைக்காத நாளில், சுமையும் அவசரமும் சேர்ந்துவிட்டால், ஹேண்டில்பாரை ஒரு கையிலும் சீட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டியதுதான்.

அவர் கடையின் மரப்பெட்டியில் இன்னும் கொஞ்சம் காட்டர் பின்கள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கிய இரும்புத் துண்டு, முனையில் மரை, அதில் ஒரு சின்ன நட்டு. பெடல் தண்டை அச்சோடு பிணைத்து வைப்பது இதுதான். ஏற்றத்தில் எழுந்து நின்று முழு உடம்பையும் பெடலில் போட்டு அழுத்தினால், அந்தச் சாய்வான பக்கம் நசுங்கும். ஒரு மயிரிழை இடைவெளி விழும். அதன்பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று ஒரு சத்தம், காலடியில் ஒரு வெட்டு. “இதோட சத்தம் கேட்டா மேட்டுல மிதிச்ச வண்டின்னு சொல்லிடுவேன் தம்பி” என்றார். அவருடைய வாடிக்கையாளர்களில் யார் பொறுமைசாலி, யார் முரட்டுப் பேர்வழி என்பதை இந்தப் பின்னைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். நசுங்கிய பின்னைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதியதை அரத்தால் ராவி, மறுபடியும் தட்டி இறக்குவது அன்றைய சைக்கிள் கடைகளில் தினமும் நடந்த வேலை.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டைகள் சக்கர விளிம்பின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மழை நேரத்தில் அவை இருக்கின்றன என்பதே தெரியாது. காட்டில் விழுந்து கிடக்கும் கிளையொன்றைக் கயிற்றால் கேரியரில் கட்டி, சாலையில் உரச இழுத்துக்கொண்டே இறங்கினால் வேகம் மட்டுப்படும் என்பது அந்தக் காலத்து இளவட்டங்களின் கண்டுபிடிப்பு. ஆல்ப்ஸ் மலைகளில் சைக்கிளில் சுற்றிய முதல் தலைமுறை ஐரோப்பியர்களும் இதே உத்தியைத்தான் கையாண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மலை இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஐரோப்பாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இறங்கித் தள்ளுவது நம் ஊர் ஏழைகளின் இயலாமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரான்சின் டூர் டி பிரான்ஸ் பந்தயம் பிரனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களுக்கு முதன்முதலில் போனது 1910இல். அந்த ஆண்டு பந்தயத்தை வென்ற ஆக்டாவ் லாபீஸே டூர்மலே கணவாயில் சில இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்தான். அவர்களுக்கு அப்போது இருந்த ஒரே வசதி, பின்சக்கரத்தின் இருபுறமும் வேறு வேறு அளவில் ஒவ்வொரு பல்சக்கரம். ஏற்றம் வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்கு மாற்றும் டீரெய்லர் அப்போதே உருவாகி வந்துகொண்டிருந்தது. பந்தயக்காரர்கள் சொந்தப் பலத்தில் ஏற வேண்டும் என்று பந்தயத்தை நடத்தியவர்கள் பிடிவாதம் பிடித்து அதை 1937 வரை அனுமதிக்காமல் வைத்திருந்தார்கள். அனுமதித்த பிறகு மலை ஏற்றமே வேறு ஆட்டமாகிவிட்டது.

இங்கே கல்லட்டிக்கு அந்தப் பல்சக்கரங்கள் வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்குக் காரணம் என்று எனக்குப் படுவது இதுதான்: தமிழ்நாட்டின் சைக்கிள் வரலாறு முழுவதுமே சமவெளியின் வரலாறு. 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் பெயரில் அம்பத்தூரில் செய்து தந்த வண்டி, இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் வடிவம். வயல் வரப்புக்கும் கடைத்தெருவுக்கும் ஏற்ற, எதையும் தாங்குகிற வண்டி. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்கு பெடல் போட்டு நாமெல்லாம் கற்றுக்கொண்டது அதில்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்களின் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று அது. அதுவும் சமதளமான புதுக்கோட்டையில்தான் நடக்க முடிந்தது. அரசு 2001இல் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. நல்ல திட்டம். ஆனால் கொடுத்த வண்டி ஒற்றைப் பல்சக்கர வண்டி. இத்தனை பெரிய கதையில் மலைக்கு இடமே இல்லாமல் போனது. ஊட்டித் தெருக்களில் சைக்கிள்கள் அரிதாகவே கண்ணில் படுவதற்கு அங்கே இருப்பவர்களின் சோம்பல் காரணம் இல்லை.

கியர் சைக்கிள்கள் 2000க்குப் பிறகுதான் நம் நகரங்களில் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தன. வெளிநாட்டுப் பெயர்களோடு பளபளக்கும் கடைகள் வந்தன. பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் என்று அலுவலக வேலையில் இருந்தவர்கள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 2008 டிசம்பரில் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ என்ற நீண்ட சைக்கிள் பயணம் தொடங்கியது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றும் சேரும் மலைப்பகுதியில் எட்டு நாளில் எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர். பின்வந்த ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அந்தப் பயணத்தில் நேரம் பார்த்து ஓட்டும் பகுதிகளில் எல்லாரும் பயத்தோடு பேசிக்கொள்வது கல்லட்டியைத்தான். இந்தியாவில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளும் இடமாக அந்த 36 வளைவுகள் மாறிப்போயின.

இன்றைய வண்டியின் எடை எட்டு, ஒன்பது கிலோ. முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் 2.1 மீட்டர்தான். பழைய வண்டி 87 சென்டிமீட்டர் தூக்கச் சொன்ன அதே ஏற்றத்தில் இது 31 சென்டிமீட்டர் தூக்கினால் போதும் என்கிறது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் சுற்ற முடிகிறது, கால் திணறுவதில்லை. பழைய வண்டியில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 23 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றும் பாறையை நகர்த்துவது போலிருக்கும்.

அதற்காகக் கல்லட்டி எளிதாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மைக்கு மாறு. நானும் அந்தப் பாதையில் ஏறியிருக்கிறேன். முதல் சில வளைவுகளில் கல்லட்டி தன் குணத்தைக் காட்டிவிடும். கீழே முட்புதர்க் காட்டின் வெக்கை, உண்ணிச்செடியின் காட்டமான வாசனை. ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண். உள்மூலையில் சாலை சுவர் மாதிரி எழும்புவதால் அனுபவசாலிகள் வளைவின் வெளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அகலமாகச் சுற்றுவார்கள். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஜீப் ஒன்று வந்தால் உள்ளே ஒதுங்கியாக வேண்டும். முன்சக்கரம் தரையிலிருந்து லேசாக எழும்பும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாரில் கிடத்தினால்தான் அது தரையில் நிற்கும். இறங்கி வரும் வண்டிகளின் பிரேக் சூடேறிய வாடை மூக்கில் ஏறும். சிலர் ஏற்றம் தாளாமல் சாலையின் குறுக்கே இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து போவார்கள். ஷூவைப் பெடலோடு பூட்டியிருப்பவர்களுக்கு வேகம் ஒரேயடியாகக் குறைந்துவிட்டால் காலை விடுவிக்க நேரமிருக்காது. நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுவார்கள். மேலே போகப் போகக் காற்று குளிரும், மெலியும். ஊட்டி உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. தைல மரங்களின் வாசனையும் கேரட், பீட்ரூட் விளையும் பாத்திகளும் தென்படத் தொடங்கும்போது முக்கால் பங்கு முடிந்திருக்கும். மைசூர் சாலையோடு சேரும் தலைகுந்தாவில் இறங்கி ஒரு டீ குடிக்காமல் யாரும் போய் நான் பார்த்ததில்லை.

அங்கே கேட்கும் பேச்சுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதற்குக் காரணம். “இறங்காம ஏறிட்டேன்” என்பதுதான் அங்கே பெருமை. இறங்கித் தள்ளியவர் தள்ளிய தூரத்தைச் சொல்லமாட்டார், அல்லது தொண்டைக்குள் சொல்வார். கைபேசியில் ஸ்ட்ராவா என்ற செயலி வந்த பிறகு ஏற்றத்தின் தொடக்கமும் முடிவும் கோடு போட்டு வரையறுக்கப்பட்டுவிட்டன. யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்பது பட்டியலாகக் கிடைக்கிறது. இதயத் துடிப்பு, காலின் திறன் எத்தனை வாட் என்பதெல்லாம் எண்ணாகத் தெரிகின்றன. போட்டி நல்லதுதான், இப்படி ஏறிய எத்தனையோ பெண்களையும், அறுபது கடந்தவர்களையும் பார்த்து மனம் நிறைந்திருக்கிறேன். ஆனால் தள்ளி நடப்பதை அவமானம் என்று இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. முட்டியிலோ நெஞ்சிலோ வலி வந்த பிறகும் வளைவு எண்ணைப் பார்த்துக்கொண்டு மிதித்தவர்களையும் கண்டிருக்கிறேன். இருபது கிலோ வண்டியில் சுமை ஏற்றித் தள்ளிக்கொண்டு இதே மலையில் நடந்தவர்கள், எட்டு கிலோ வண்டியை மிதித்து ஏறுகிற யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

மாற்றத்தின் இன்னொரு பக்கம் காடு. கல்லட்டியின் அடிவாரமான சீகூர்ப் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானைகளின் வழி. அந்த வலசைப் பாதையை அறிவித்த அரசின் முடிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. விடுதிகளும் விளக்குகளும் அதற்கு முன்பே அந்த வழியை நெருக்கிவிட்டிருந்தன. முன்பு சைக்கிளில் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். எந்தத் திருப்பத்தில் எந்த நேரத்தில் யானை கடக்கும் என்பது தெரிந்தவர்கள். கூட்டமாக, பேசிக்கொண்டே நடப்பார்கள். இன்று வருகிறவர் வெளியூர்க்காரர். தனியாக, சத்தமே இல்லாத வண்டியில், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வருகிறார். சைக்கிளின் இந்த ஓசையின்மைதான் இங்கே பெரிய ஆபத்து. வளைவைத் திரும்பினால் பத்தடி தூரத்தில் யானையோ காட்டெருதோ நிற்கும். நாம் வந்தது அதற்கும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள், வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காதை அடைக்காதீர்கள். இறங்குவதற்கு வேறு வழி தேடுங்கள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் உருண்டு ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு நாளுக்குப் பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது, இருவர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதன்பிறகுதான் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கடுமையானது. சைக்கிளுக்கு இன்று டிஸ்க் பிரேக் வந்திருந்தாலும் அந்தச் சரிவு பழைய சரிவேதான்.

மாவனல்லா அருகே ஒருமுறை தண்ணீர் குடிக்க நின்றபோது, பள்ளிச் சீருடையில் ஒரு பையன் அரசு கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்தில் வந்து நின்று, என் வண்டியின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். “அண்ணா, இதுல எத்தன கியரு?” என்றான். சொன்னேன். விரலால் ஒவ்வொரு பல்சக்கரமாகத் தொட்டு எண்ணினான். ஓட்டிப் பார் என்று கொடுத்தேன். சீட்டு அவனுக்கு உயரம். எழுந்து நின்றே மிதித்தான். சாலை சற்று மேடேறும் இடம் வரை போய், நெம்பைத் தட்டிக் கியர் மாற்றி, உட்காராமலே மேட்டில் ஏறி, திரும்பி வந்தான். வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, “நம்ம வண்டியில இந்த மேட்டுல இறங்கிடணும்ணா” என்றான். பிறகு தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் வீடு அந்த மேட்டுக்கு அப்பால்.

மலைக்கு ஏற்ற சைக்கிள் மலைக்கு வந்துவிட்டது. மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஏறிப் பார்க்க வருகிற எங்களிடம் அது இருக்கிறது. தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகளிடம் சமவெளிக்குச் செய்த வண்டி இருக்கிறது. இலவச சைக்கிள்களை மலைப்பகுதிகளில் ஓட்டாமல் வீட்டில் போட்டு வைக்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள், அந்த வண்டியில் ஒரு மேட்டை ஏறிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். பின்பக்கம் ஏழு பல்சக்கரம், ஒரு டீரெய்லர், ஹேண்டில்பாரில் ஒரு நெம்பு, முன்னும் பின்னும் நம்பகமான பிரேக். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்று மலைமேல் இருக்கும் பள்ளிகளுக்கு மட்டுமாவது அடுத்த கொள்முதலில் கியர் வைத்த சைக்கிள்களை அரசு கேட்டு வாங்க வேண்டும்.